நீர்நாய் மேல் ஒரு மனு

இன்று காலை மஞ்சக்குட்டை ஜீப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார், வாரா வாரம் எங்கள் வீட்டுக்கு ஓடைமீன் கொடுக்கும் மாணிக்கம்.

"ஏனுங்க, ஃபாரஸ்ட் ரேஞ்சருக்கு ஒரு மனு எழுதித் தாங்க. நீர்நாய் ஒண்ணு ரெண்டு குட்டியோட ஓடையில சுத்துது. மீனெல்லாம் தின்னே தீர்த்துருச்சு. சுட்டுப்போடச் சொல்லுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஓடையில் மிச்சமிருப்பதே அந்த ஒரு குடும்பம்தான்.

"தண்ணிக்குள்ள தோட்டா வெடிச்சு, குஞ்சுமீன் வரைக்கும் அள்ளறது யாருங்க?"

"அது வாரத்துக்கு ஒருக்காத்தானுங்க. இது தெனமும் மூணு வேளை திங்குதுங்களே!"

பின்சீட்டிலிருந்த, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர், "ஆமாங்க, நொம்ப அட்டகாசம்" என்றார். எஸ்டேட்டில் பாறை உடைக்கிற வெடிமருந்துத் தோட்டா அவர் கை வழியாகத்தான் ஓடைக்குப் போகிறது.

மாணிக்கத்தின் மீன் வாயில் தூண்டில் காயமோ, உடம்பில் வலைத் தடமோ இருக்காது. அதைக் கவனிக்காதவன் போல மசாலா அரைக்கச் சொன்ன யோக்கியன் நான்.

ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி, டீக்கடை பெஞ்சிலேயே எழுதினேன். தோட்டா எங்கிருந்து வருகிறது, யார் வெடி வைக்கிறார், நீர்நாய்க் குட்டிகள் சாகும் முன் ரேஞ்சர் ஏன் வரவேண்டும், எல்லாம். மீனைத் தின்றவன் என்று என் பெயரையும் சேர்த்துக் கையெழுத்திட்டேன்.

"படிச்சுக் காட்டட்டுங்களா?" என்றேன்.

"உங்க எழுத்துக்கு மேலயாங்க!" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். நானே தபாலில் போட்டேன்.

நம் ஊர்ப் படிப்பகப் பலகையில் ஒட்டும் இந்தத் தாளின் கீழே இடம் விட்டிருக்கிறேன். அந்த மீனைத் தின்ற மற்றவர்களும் கையெழுத்துப் போடலாம். கூச்சப்பட்டால், ஞாயிற்றுக்கிழமை எந்தெந்த வீட்டுக் குழம்பு மணந்தது என்பதை நானே எழுதவேண்டி வரும்.