இடது கைச் சிலுவை

மதலேனம்மாளுக்கு அரூர் அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை. ஈய எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலம் மாறியே இருக்கும். நாம் செய்தித்தாள் படிப்பதுபோல அவள் அவற்றைப் படிப்பாள். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை எல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். ஆனால் அவள் ஆசை வேறு. படம் போட்டுக் கதை சொல்ல வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு வாடகைப் புத்தகக் கடையில் படக்கதைகளைப் பார்த்துப் பார்த்தே வரையப் பழகினாள். சென்னைப் பத்திரிகைகளுக்கு அனுப்பினாள். போன வேகத்தில் திரும்பி வந்தன. ஓர் ஆசிரியர் மட்டும், துப்பறியும் கதை இருந்தால் அனுப்பச் சொன்னார்.

அவளிடம் இருந்தது ஒரே கதைதான். எழுபதாம் ஆண்டு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவள் குடும்பம் கப்பலேறி வந்த கதை. அப்போது அவளுக்கு மூன்று வயது. ஒன்றும் நினைவில்லை. அம்மாவும் இறந்துவிட்டாள். மிச்சம் இருப்பது அப்பா மதலைமுத்து. மொரப்பூர் ஸ்டேஷனில் மூட்டை தூக்கும் அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

"கப்பல் எப்படிப்பா இருந்துச்சு?"

"கப்பல் மாதிரிதான் இருந்துச்சு."

ஒரே ஒரு விஷயம் மட்டும் சொன்னார். கரை மறையும்போது சிலுவை போட்டுக்கொண்டாராம்.

ஊரில் இத்தனை வருஷம் ஆகியும் அவர்கள் சிலோன்காரர்கள்தான். குழாயடியில் சண்டை வந்தால் போதும், "கப்பலேறி வந்ததுங்களுக்கு வாயப் பாரு" என்பார்கள். அந்தக் கப்பலில் என்ன ஏறி வந்தது என்று இவர்களுக்கு ஒருநாள் காட்ட வேண்டும் என்று மதலேனம்மாள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

எண்பத்தேழில் வாய்ப்பு வந்தது. மாதா கோயில் திருவிழா மலர் அவள் அச்சகத்திலேயே அச்சானது. பங்குச் சாமியார் அவளுக்கு அதில் இரண்டு பக்கம் கொடுத்தார். முதலாளி பச்சியப்பன்தான் முணுமுணுத்தார்.

"படத்த அச்சுக்கட்டையாக்கி பிளாக் எடுக்கச் சேலத்துக்கு யாரும்மா போறது? நீயே எதாச்சும் பண்ணிக்க."

அவள் செருப்புத் தைப்பவரிடம் ரப்பர் வாங்கி, அதன்மேல் படம் வரைந்து, பிளேடால் செதுக்கி, கட்டையில் ஒட்டினாள். விரலெல்லாம் கீறல். கடைசிப் படத்தில் அப்பா கப்பல் மேல்தளத்தில் தனியாக நின்று சிலுவை போடுகிறார். புரூஃப் வந்ததும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று வரிவரியாகப் பார்த்தாள். எழுத்தை மட்டுமே பார்த்தாள்.

திருவிழாவன்று பூசை முடிந்து மலரைக் கொடுத்தார்கள். கோயில் வாசலில் ஒரே சிரிப்பு.

"ஏண்டி மதலேனு, சிலோன்ல இடது கையிலதான் சிலுவ போடுவீங்களா?" என்று கேட்டாள் லூர்தம்மாள்.

"அப்ப சோறு எந்தக் கையில தின்னாங்களோ" என்றார் பக்கத்திலிருந்த யாகப்பன்.

மலரை வாங்கிப் பார்த்தாள். ரப்பரில் வலது கையாகச் செதுக்கியது அச்சில் இடது கையாக விழுந்திருந்தது. நாளெல்லாம் மாறிய எழுத்தோடு கிடப்பவளுக்குப் படமும் மாறும் என்று தோன்றவில்லை. கையைப் பார்த்துச் சிரித்த யாரும் கதையைப் படிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மலரை மூலையில் வீசினாள். மதலைமுத்து அதை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"சரியாத்தான போட்டிருக்க."

"நீயும் சிரிக்கிறியாப்பா?"

"இல்ல. அன்னைக்கு இடது கையிலதான் போட்டேன். சோத்துக் கையில ஒன் தம்பி இருந்தான்."

அவளுக்குப் பின் பிறந்த தம்பி கைக்குழந்தையாகத் தோட்டத்திலேயே செத்துவிட்டான் என்றுதான் அம்மா சொல்லியிருந்தாள்.

"அவன் கப்பல்ல வந்தானா?"

"வந்தான். கரை எறங்கி மண்டபம் கேம்புல இருந்தப்ப காய்ச்சல் கண்டுச்சு. அங்கதான் பொதைச்சோம்."

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "எத்தன வருசமாக் கேக்கறேன். இத ஏம்ப்பா சொல்லல?"

"நீ கப்பலப் பத்தித்தான கேட்ட."

மிச்ச ரப்பரை எடுத்து உட்கார்ந்தாள். இந்த முறை சிலுவை போடுவது வலது கை என்று தெரிந்தே செதுக்கினாள். அச்சில் அது இடது கையாகும். மறு கையில் குழந்தையைச் சுற்றிய துணிச் சுருள். தம்பியின் முகத்துக்கு வந்ததும் பிளேடு நின்றது.

"அவன் எப்படிப்பா இருப்பான்?"

கூட்ஸ் வண்டிக்கு நேரமாகிவிட்டதென்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார் மதலைமுத்து.

"கொழந்த மாதிரிதான் இருந்தான்" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

பென்சிலால் ஒரு முகம் வரைந்தாள். வாடகைப் புத்தகத்துக் குழந்தை போல இருந்தது. அழித்தாள். இன்னொன்று வரைந்தாள். அதுவும் அப்படியே. அந்த இடத்தை மட்டும் செதுக்காமல் விட்டாள். செதுக்காத இடம் மையை வாங்கிக்கொண்டு கறுப்பாகத்தான் விழும் என்று அவளுக்குத் தெரியும்.