பூட்டிய வீட்டுக்குப் பூஜ்யம்

எங்கள் பள்ளியில் காலைச் சிற்றுண்டி சமைப்பவர் அய்யம்மாள். அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் என் தப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். தலைமையாசிரியையான எனக்கு அது கசப்பான வேலை, பரவாயில்லை.

சிவகாசியில் எங்களுடையது ஒரு மாநகராட்சித் தொடக்கப்பள்ளி. ஏழு வருஷத்துக்கு முன் நூற்றுப் பத்துப் பிள்ளைகள். போன வருஷம் நாற்பத்தொன்று. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வருகிற ஆண்டு ஒன்றாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்வார்கள் என்று வீடு வீடாக விசாரித்து எழுத வேண்டுமாம். ஜூனில் சேர்க்கை பதினைந்துக்குக் குறைந்தால், பைபாஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கமுள்ள பள்ளியோடு எங்களை இணைத்துவிடுவார்களாம். லாரி பறக்கிற ரோட்டைத் தாண்டி ஐந்து வயதுப் பிள்ளை எப்படிப் போகும்?

ஏப்ரல் வெயிலில், பத்து மணிக்கு மேல், குடையும் நோட்டுமாகத் தெருத் தெருவாக அலைந்தேன். பாதி வீடுகளில் பூட்டு. பூட்டிய வீட்டுக்கெல்லாம் பூஜ்யம் போட்டேன். கூட்டிப் பார்த்தால் ஒன்பது. ஸ்கேல் வைத்து வரைபடம் வேறு போட்டு அனுப்பினேன். கோடு நேராகக் கீழே இறங்கியது. அதன் அழகில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அய்யம்மாள் கேட்டார்: "பூட்டுன வீடு எம்புட்டு இருக்கும் டீச்சர்?"

"அறுபதுக்கு மேல இருக்கும்."

"அம்புட்டு வீட்லயும் புள்ளை இல்லைன்னு எழுதிட்டீகளாக்கும்? நீங்க போன நேரம் அவுக கம்பெனியில இருப்பாக. ஆறே முக்காலுக்கே வேன் வந்துரும்ல."

பதினெட்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் சரம் பின்னியவர் அவர். கணவர் போய்ச் சேர்ந்து, மகள் மாரிசெல்வியையும் கட்டிக்கொடுத்த பிறகுதான் எங்கள் அடுப்படிக்கு வந்தார். வேன் நேரம் அவருக்குத் தெரியாதா? நான்தான் விருதுநகரிலிருந்து ஒன்பது மணிக்கு வந்து இறங்குகிறவள்.

மறுநாள் ஆறரைக்கே என்னை வரவழைத்து, வேன் நிற்கும் முக்கில் நிறுத்தினார். தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள். வள்ளித்தாய் என்பவள் இடுப்பில் ஐந்து வயது மகள், பாதித் தூக்கத்தில். சேர்க்கை விண்ணப்பத்தை நீட்டினேன்.

"ஒங்க பள்ளிக்கூடம் ஒம்போதுக்குல்ல தொறக்கும்? அதுவரைக்கும் இவளை யாருகிட்ட விட? ப்ரைவேட்டு ஸ்கூல் வேன்னா காலையிலயே வந்து ஏத்திக்கிடுது" என்றாள்.

அய்யம்மாள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நான் ஆறு மணிக்கே சமைக்க வந்துருதேன். எங்கிட்ட விட்டுட்டுப் போ தாயி" என்றார்.

கம்பெனி வேன் டிரைவர் பாண்டிமுருகன் ஹாரனை அலறவிட்டார். அய்யம்மாள் என் கையைப் பிடித்து வேனுக்குள் இழுத்துவிட்டார். அடுத்த நிறுத்தம் வரை, கம்பியைப் பிடித்துக்கொண்டே, ஆடி ஆடி இரண்டு விண்ணப்பம் எழுதினேன். இப்படியே பத்து நாள்.

ஜூனில் ஒன்றாம் வகுப்பில் இருபத்திரண்டு பேர். சரிபார்க்க வந்த அதிகாரி, "நீங்க ஒன்பதுன்னுதானே எழுதியிருந்தீங்க?" என்றார்.

"என் கணிப்பு தப்பு சார். எங்க சமையல்காரம்மா கணிப்புதான் சரி."

அவர் பிள்ளைகளை ஒருமுறை எண்ணினார். இணைக்கத் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுப்படிக்கு ஓடினேன். "இந்தப் பள்ளிக்கூடம் உங்களாலதான் நிலைச்சு நிக்குதுக்கா" என்றேன். "தினமும் விடியக்காலையிலிருந்தே இத்தனை பிள்ளைங்களை மேய்க்கிறீங்களே, உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?"

அவர் கரண்டியை வைத்தார். "மாரிசெல்வி சின்னப் புள்ளையில, வேனுக்கு நேரமாச்சுன்னு அவளை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிருக்கேன் டீச்சர். கதவைத் தட்டித் தட்டி அழுவா. வேன்ல ஏறுற வரைக்கும் கேக்கும்."

இப்போது வாரத்தில் மூன்று நாள் நானும் விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்கிறேன். அவர் அடுப்பைப் பார்க்க, வாசலில் நின்று பிள்ளைகளை நான் வாங்கிக்கொள்கிறேன். தூக்கம் கலையாமல் ஒரு பிள்ளை என் தோளில் சாயும்போதெல்லாம், அய்யம்மாளை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.