பின்வாசல் கேன்

எங்கள் ஊர்ப் பால் சொசைட்டிக்கு இரண்டு வாசல். முன்வாசலில் ஊர்ப் பால் வாங்குவோம், பின்வாசலில் காலனிப் பால். மாட்டுக்கு இந்த விவரம் தெரியாது. பால் லாரிக்கும் தெரியாது. காலையில் வருகிற லாரி எல்லாக் கேனையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிப் பக்கம் போய், குளிரூட்டும் நிலையத்தில் ஒரே தொட்டியில் கவிழ்த்துவிடும். அதற்கப்புறம் அது பாக்கெட்டாகிப் பட்டணம் போய் யார் வீட்டுக் காபியாகிறது என்பதை ஆண்டவன்தான் அறிவான். எங்கள் சொசைட்டித் தலைவருக்கு இது அத்தனையும் தெரியும். தெரிந்தும் பின்வாசலுக்கென்று தனியாக ஒரு கேன் வைத்து, அதை ஊர்க் கேன்களோடு ஒட்டாமல் சுவரோரம் நிறுத்தச் சொல்வார்.

"எதுக்குங்க இது?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு வாணாமாய்யா?" என்றார். அவர் வாயில் ஒழுங்கு என்கிற சொல் வந்தால் யாருக்கோ ஏதோ பறிபோகப் போகிறது என்று அர்த்தம்.

நான் அங்கே பால் அளப்பவன். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சீக்கிரமே உறவு விட்டுப்போச்சு. படித்ததெல்லாம் பால் ஊற்ற வருகிறவர்களின் வாயைப் பார்த்துத்தான். விடியற்காலையில் தூக்கும் சொம்புமாக நிற்கிற சனம் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். ஒருத்தர் தன் மருமகளைப் பற்றிச் சொன்னார்: "அவ பேச்ச மோர்ல போட்டா மோரு திரிஞ்சிடும்." இன்னொருத்தர் தண்ணீர் கலந்த பாலைக் காட்டி, "மழ ஜாஸ்திங்க, மாடு நனைஞ்சிக்கினே நின்னுது" என்றார். இப்படிப்பட்ட மனிதர்களுக்கு இப்படி ஒரு தலைவர் எங்கிருந்துதான் வாய்த்தாரோ.

இட ஒதுக்கீடு கேட்டு வடமாவட்டங்கள் சாலையில் இறங்கிய வருஷங்கள் அவை. கேட்டது நியாயம்தான். தலைமுறை தலைமுறையாக மண்ணைக் கொத்திய கூட்டம் தன் பிள்ளைகளுக்குப் படிப்பிலும் வேலையிலும் ஒரு பங்கு கேட்டது. அதற்காக அடிபட்டவர்கள் உண்டு, உயிரை விட்டவர்களும் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. அவர்கள் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஊர்கோலம் போன எங்கள் தலைவரைப் பற்றிச் சொல்ல மட்டும் எனக்குத் தாராளமாகத் தகுதியிருக்கிறது.

புரட்டாசி பிறந்த சமயம். கல்வராயன் மலைமேல் மேகம் இறங்கி நின்றது, கீழே எங்களுக்குப் புழுக்கம்தான். சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்கள். சின்னசேலம் போகிற வண்டியும் நின்றது, சங்கராபுரம் போகிற வண்டியும் நின்றது. எங்கள் ஊர் எல்லையில் எந்த மரத்தைச் சாய்ப்பது என்று தீர்மானித்தவர் தலைவர். அவர் வயலோரம் நின்ற மரம் பெரியது. அது ஒன்று விழுந்தாலே சாலை அடைபட்டுப்போகும். அதைத் தொடக்கூடாது என்றுவிட்டார். காலனி திரும்புகிற முக்கில், நடவு முடித்து வருகிற பெண்கள் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற மரத்தைக் காட்டினார். மரம் விழுந்ததும் அதன்மேல் ஏறி நின்று, "இத்தினி நாளா நம்மள ஒதுக்கியே வச்சிட்டானுங்க" என்று பேசினார். தொண்டை கம்மிப்போகிற வரைக்கும் பேசினார்.

மரம் விழுந்ததும் லாரி வரவில்லை. லாரி வந்தால்தான் நிறைந்த கேன் போகும், காலிக் கேன் வரும். முதல் நாள் கறந்த பால் கேனிலேயே நின்றது. அடுத்த நாள் வந்த பால் மிச்சமிருந்த கேன்களில் நிறைந்தது. வீடுகளில் தயிரும் மோரும் வெண்ணெயுமாக வைக்க இடமில்லை. நாய்கள்கூட மோரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. சொசைட்டிக்குள் நின்ற பால் புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளியது.

"கொட்டிட்டுக் கழுவி வச்சிடட்டுங்களா?" என்றேன்.

"கொட்டிட்டா நஷ்டஈடு எப்டிய்யா கேக்கறது? அதிகாரி வந்து கண்ணால பாக்கணும். அப்டியே இருக்கட்டும்."

சாலையை அடைத்தவரும் அவரே, அடைத்ததால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கப் போகிறவரும் அவரே. அதிகாரி எந்த வழியாக வருவார், பறந்தா வருவார் என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அதற்கும் ஒரு ஒழுங்கு சொல்வார்.

மூன்றாம் நாள் காலையில் ஊர்ப் பால் வாங்க ஒரு கேனும் மிச்சமில்லை. சுவரோரம் நின்ற பின்வாசல் கேனில் மட்டும் அடியில் கொஞ்சம் பால். ஏனென்றால் அப்போது காலனியிலிருந்து பால் ஊற்றியது ஒரே ஒரு அம்மாதான். தொடர்ந்து பால் ஊற்றாவிட்டால் உறுப்பினர் உரிமை போய்விடும் என்பது எங்கள் சொசைட்டி விதி. ஊர்க்காரர் மாடு வற்றினால் இந்த விதி தூங்கும். காலனி மாடு வற்றினால் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். அப்படித்தான் ஒவ்வொருவராகக் கழித்துக்கட்டி அந்த அம்மா ஒருவரே மிஞ்சியிருந்தார். சொசைட்டியில் வாங்காவிட்டால் அவர் பாலை ஊரில் எந்த வீடும் வாங்காது, டீக்கடையும் வாங்காது. அவர் வீட்டுக்கு அந்த ஒரு மாடுதான் ஆதாரம். வீட்டுக்காரர் தலைவர் வீட்டில் மாடு மேய்த்து, கறந்துகொடுக்கிற வேலையில் இருந்தார்.

தலைவர் சுவரோரத்துக் கேனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஊர்க்காரர்கள் பாத்திரங்களோடு முன்வாசலில் காத்திருந்தார்கள்.

"அதுல இருக்கறத கொட்டிடு" என்றார்.

"அதிகாரி பாக்கணும்னு சொன்னீங்களே?"

"இதையெல்லாம் எந்த அதிகாரிய்யா வந்து பாப்பான்? கொட்டுய்யா."

கொட்டினேன். புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார், சாம்பல் போட்டுத் தேய்க்கச் சொன்னார். வீட்டுக்கு ஆள் அனுப்பி மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் வரவழைத்துத் தெளித்தார். அப்புறம், சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த அலுமினியக் கேனுக்குக் கற்பூரம் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு காட்டினார். மலையிலிருந்து தலைச்சுமையோடு நடந்து இறங்கி, மரத்தைத் தாண்டி வந்த ஒரு மலைக்காரர் சுமையை இறக்கி வைத்துவிட்டு இதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்களுக்கு மலையில் அப்போது ரோடும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. ஜாகீர்தார் ஆட்சியெல்லாம் போய் அரசாங்கம் வந்து சேர்ந்ததே கொஞ்ச காலத்துக்கு முன்னால்தான்.

"கேனுக்கா பூச போடறாங்க? இன்னா சாமிங்க அது?" என்று என்னைக் கேட்டார்.

"பால் சாமி" என்றேன்.

"எங்க மலையில மாட்டுக்கே இவ்வளவு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டார்.

தலைவர் கையைத் துடைத்தபடி, "இனிமே இது ஊர்க் கேனு" என்று அறிவித்தார். முன்வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தோம். இரண்டு மூன்று பேர் ஊற்றியும் ஆயிற்று. அப்போதுதான் பின்வாசலில் குரல் கேட்டது.

"ண்ணா, கேன் எங்க?"

அந்த அம்மா தூக்கோடு நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் உள்ளிருந்தே சொன்னார்: "கேனு இல்ல. லாரி வர்ற வரைக்கும் நீ கொணார வாணாம்."

"நான் ஊத்தாட்டி என் பேரு பூடுமேங்க."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் போ."

"அப்புறம் பாத்துக்கலாம்னு சொல்லித்தாங்க எங்க சின்னம்மா பேரு போச்சு."

அந்த அம்மா சொசைட்டியைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். அந்த வாசலில் அவரை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் வழிவிட்டார்களா, ஒதுங்கினார்களா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. எப்படியோ இடம் கிடைத்தது.

"இன்னாடி இங்க வந்து நிக்கற?" என்றார் தலைவர்.

"என் பாலையும் அளந்து சீட்டு குடுங்க. அளந்துட்டு அப்டியே காவாயில ஊத்துங்க, நான் கேக்க மாட்டேன்."

"கேனு இல்லன்றேன், காது கேக்கல?"

"அந்தா கீதே."

"அது ஊர்க் கேனு."

"எப்பத்துலேருந்து?"

"இன்னிக்கிக் காலையிலேருந்து."

யாரோ சிரித்தார்கள். மலைக்காரராக இருக்கும் என்று நினைத்துத் திரும்பினேன். ஊர்க்காரர்தான். அந்த அம்மா சிரிக்கவில்லை. கேன் பக்கத்தில் வந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியிருந்த தரையைப் பார்த்தார், அணைந்துபோன கற்பூரக் கறையைப் பார்த்தார்.

"நேத்துவரைக்கும் எம் பாலு இருந்த கேன்ல இன்னிக்கி உங்க பாலு கீது. அத கழுவிட்டீங்க, சரி. உங்க மாட்ட தெனமும் கறக்கறது எங்க வூட்டுக்காரரு. அவுரு கைக்கி எப்பங்க கற்பூரம் காட்னீங்க?"

இந்த முறை சிரிப்பு ஒரு இடத்திலிருந்து வரவில்லை. தலைவருக்கு முகம் செத்துப்போச்சு. நியாயம் பேசத் தெரியாதவன் கடைசியில் எங்கே போவான் என்று எனக்குத் தெரியும். அங்கேதான் போனார்.

"நாளையிலேருந்து வேலைக்கி வர வாணான்னு உன் புருசன்கிட்ட சொல்லிடு."

மாட்டுப் பாலும் போய், வேலையும் போனால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அந்த அம்மா தூக்கைக் கேன் பக்கத்தில் இறக்கி வைத்தார்.

"எதுக்குங்க நாளைக்கி? இப்பவே சொல்லிடறேன். சாயங்காலம் நீங்களே கறந்துக்கங்க."

ஊரே அறிந்த சங்கதி, தலைவர் வீட்டு மாடுகள் அந்த ஒருவரைத் தவிர வேறு யாரையும் மடியில் கைவைக்க விடாது. தலைவர் போனால் உதைக்கும். உதைத்துமிருக்கிறது. அவர் ஆதரவு தேடி வரிசையைப் பார்த்தார். மரத்தின்மேல் நின்று பேசும்போது கைதட்டிய அதே ஆட்கள், இப்போது அவரவர் பாத்திரத்துக்குள் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

வரிசையின் பின்னாலிருந்து ஒரு பெரியவர், "தலைவரே, பாலு திரிஞ்சிக்கினு கீது. ஆவறத பாருங்க" என்றார். அதில் புரட்சியும் இல்லை, பரிவும் இல்லை. அவருக்கு அவர் பால் பெரிசு. எங்கள் ஊரில் நியாயம் இந்த மாதிரி சில்லறை வழியாகத்தான் உள்ளே வரும்.

"அளந்து தொலைய்யா" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அளந்தேன். கேனில் ஊற்றினேன். சீட்டு போட்டுக் கொடுத்தேன். அந்த அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, வந்த வழியே முன்வாசல் வழியாகவே போனார். அடுத்து நின்றவர் சொம்பைச் சாய்ப்பதற்கு முன் கேனுக்குள் எட்டிப் பார்த்தார். என்ன தெரியும் என்று எதிர்பார்த்தாரோ. வெள்ளையாகத்தான் இருந்தது. ஊற்றிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் எல்லாரும் ஊற்றினார்கள். தலைவர் மட்டும் தான் கொண்டுவந்த பாலை ஊற்றாமல் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்தப் பால் என்னவாயிற்று என்று தெரியாது. அன்று மாலை அவர் வீட்டு மாடுகள் ஊருக்கே கேட்கும்படி கத்தியதும், இருட்டுவதற்குள் அந்த அம்மாவின் வீட்டுக்காரரைக் கூப்பிட அவர் வீட்டிலிருந்து காலனிக்கு ஆள் ஓடியதும் எல்லாருக்கும் தெரியும். "தலைவரு இடுப்ப புடிச்சிக்கினே நடக்கறாரு" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இடுப்பில் பட்டதா வேறெங்கும் பட்டதா என்பதில்தான் கருத்து வேறுபாடு.

மரங்களை இழுத்துப் போட்டு, லாரி வந்து, புளித்த பாலையெல்லாம் கடைசியில் காவாயில்தான் கொட்டினோம். எந்த அதிகாரியும் வந்து பார்க்கவில்லை. பின்வாசலை மூடச் சொல்லி யாரும் கேட்கவில்லை, தீர்மானமும் போடவில்லை. அந்த அம்மா மறுநாளும் முன்வாசலுக்கு வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார், அவ்வளவுதான் விஷயம். கழித்துக்கட்டப்பட்ட அவர் சின்னம்மாவும் கொஞ்ச நாளில் ஒரு தூக்கோடு வந்து நின்றார்.

தலைவர் அதற்கப்புறம் நேரில் பால் கொண்டுவருவதை விட்டுவிட்டார். அந்த வரிசையில் நிற்பது கௌரவத்துக்கு இழுக்காம். அந்தக் கௌரவத்தைக் காப்பாற்ற அவர் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? மாடு கறக்கிறவரிடமே பித்தளைக் குடத்தைக் கொடுத்து அனுப்பினார். அந்த மனுஷன் அதைத் தோளில் சுமந்து வந்து, வரிசையில் தன் சம்சாரத்துக்குப் பின்னால் நிற்பார்.

அந்த அம்மா திரும்பிப் பார்த்துச் சொல்வார்: "கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. பெரிய வூட்டுப் பாலு, எம் பாலுமேல பட்டுடப் போவுது."