ஐந்தாவது காப்பி

கம்பைநல்லூர் கடைவீதியில் உரக்கடைக்கு மேலே ஒரு மாடி. காலை ஆறு மணிக்கே அங்கிருந்து ஆலங்கட்டி மழை பெய்கிற சத்தம் கிளம்பிவிடும். அதுதான் சகாயமேரி டீச்சரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். ஏழு மிஷின், பதினோரு ஸ்டூல், பத்து நிமிஷம் முந்தி ஓடும் ஒரு கடிகாரம். முப்பத்தாறு வயதாகியும் டீச்சருக்குக் கல்யாணம் ஆகவில்லையே என்று ஊரே கவலைப்பட்டது. கவலைப்படாத ஒரே ஆள் சகாயமேரி. காலையில் கோயில் பூசை, பிறகு மிஷின் சத்தம், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம், சாயங்காலம் மறுபடி மிஷின் சத்தம். இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும் என்பது அவள் கட்சி.

ஒரு விஷயம் மட்டும் அவளுக்குப் பொறுக்காது, வீண். எண் வரிசைப் பயிற்சி என்று பிள்ளைகள் அர்த்தமில்லாத எண்களைப் பக்கம் பக்கமாகத் தட்டித் தள்ளுவதைப் பார்த்தால் அவள் வயிறு எரியும். காகிதமும் போச்சு, ரிப்பனும் போச்சு, யாருக்கு என்ன பிரயோசனம்?

அதே சமயம் தபாலாபீஸ் ஜன்னலில் வேறொரு கூத்து நடந்துகொண்டிருந்தது. பின்கோடு வந்து பதிமூன்று வருஷம் ஆகியும், எந்த ஊருக்கு எந்த நம்பர் என்று யாருக்கும் தெரியவில்லை. வேலைக்கு மனு போடுகிறவர்களும், பட்டாளத்தில் மகன் இருக்கிறவர்களும், வடக்கே கன்னியாஸ்திரியாக மகளை அனுப்பியவர்களும் ஒவ்வொரு நம்பருக்காகவும் வரிசையில் நின்றார்கள். நம்பர்கள் எல்லாம் போஸ்ட்மாஸ்டர் ராஜப்பனின் மேஜைமேல் இருந்த ஒரே புத்தகத்தில் இருந்தன. எண்பத்தைந்தாம் வருஷம் தை மாதத்தில் ஒருநாள் சகாயமேரி போய் அந்தப் புத்தகத்தைக் கேட்டாள்.

"புஸ்தகம் வெளிய போவாதுங்க டீச்சர்" என்றார் ராஜப்பன். "இங்கியே நின்னு எத்தினி வேணா எழுதிக்குங்க. நம்பரு ஒண்ணும் ரகசியம் இல்லீங்களே."

எழுதிக்கொண்டாள். குட்டித் தூக்கத்தைத் தியாகம் செய்து, ஏழு மாதம், தினம் ஒரு மணி நேரம். முதலில் தருமபுரி மாவட்டம், பிறகு தமிழ்நாட்டின் ஊர்கள், பிறகு பட்டாளமும் கன்னியர் மடமும் இருக்கும் வடநாட்டு ஊர்கள். அதுதான் இனிமேல் எண் வரிசைப் பயிற்சி. இடப்பக்கம் ஊர், வலப்பக்கம் நம்பர். தாள்களுக்கு நடுவே நாலு கார்பன் வைத்தால் ஒரே அடியில் ஐந்து காப்பி. பளிச்சென்று விழும் மேல் தாளை அவள் தன் ஃபைலில் போட்டுக்கொள்வாள், திருத்துவதற்கும் பரீட்சைக்காரர் வந்தால் காட்டுவதற்கும். கீழே இருக்கிற நாலும் ஊருக்கு, இனாமாக.

இனாம் என்றதும் ஊருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "டீச்சரம்மா எலக்சன்ல நிக்கப் போறாங்களா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். ஆனால் தாளை யாரும் திருப்பித் தரவில்லை. அது டீக்கடைச் சுவரில் ஏறியது, கோயில் கதவில் ஏறியது. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் மாயவன் தன் பிரஸ்ஸில் ஒன்றைத் தொங்கவிட்டு, யாரும் கேட்காமலே எல்லாப் பத்திரிகையிலும் நம்பர் போட்டான். சகாயமேரிக்குப் பெருமை தாங்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அதை ஒரு பாவமாகவே சொல்லிவிட்டு வந்தாள்.

நவம்பர் இருபத்திரண்டாம் தேதி மிக்கேலம்மாள் மாடி ஏறி வந்தாள். பக்கத்துக் கிராமத்தில் மூன்று ஏக்கர் ராகியும் ஒரு பசுவும் வைத்திருக்கிற குடும்பம். மகள் புஷ்பமேரி ஆறு வருஷத்துக்கு முன் கன்னியாஸ்திரி ஆகப் பீகாருக்குப் போய்விட்டாள். அப்பா சின்னப்பனுக்கு அதில் சம்மதமில்லை. அன்று முதல் மகளுக்கு ஒரு வரி எழுதவில்லை. மிக்கேலம்மாள் எழுதும் கடிதத்தின் கீழே கைநாட்டுக்கூட வைத்ததில்லை. இதெல்லாம் கோயிலுக்கு வருகிற எல்லோருக்கும் தெரிந்த கதை.

"டீச்சரு, இதக் கொஞ்சம் பாருங்க" என்று மிக்கேலம்மாள் ஒரு இன்லேண்ட் லெட்டரை நீட்டினாள்.

மகள் எழுதியிருந்தாள். டிசம்பர் எட்டாம் தேதி அவளுக்கு நித்திய வார்த்தைப்பாடு. அதன் பிறகு ஆயுசுக்கும் அதுதான் வாழ்க்கை. அப்பா ஒரு வார்த்தை சொன்னால் நிறைந்த மனசோடு பீடத்துக்குப் போவேன் என்று ஆகஸ்டிலேயே எழுதினேனே, பதிலே இல்லையே. பரவாயில்லை அம்மா, அப்பாவைத் தொந்தரவு செய்யாதே. இவ்வளவுதான் கடிதம்.

"அவரு சொன்னாருங்க டீச்சரு!" என்றாள் மிக்கேலம்மாள். "ஒரு மாசம் கெஞ்சி, செப்டம்பருல சொல்ல வெச்சேன். 'என் ஆசீர்வாதம் உண்டு, ஒடம்பப் பாத்துக்க'ன்னு. நானே எழுதி, நானே வெலாசம் போட்டு அனுப்புனேன். இப்ப மவ திமிருல பதிலு போடலன்னு அவரு நெனைக்கறாரு, அப்பன் மனசு எறங்கலன்னு மவ நெனைக்கறா."

"நம்பரு போட்டீங்களாக்கா?"

"போடாமயா? புதுசா மாத்திப் போன ஊருன்னு மவ நம்பரு எழுதல. நீங்க குடுத்த தாளப் பாத்துத்தான் போட்டேன்."

ஜெபப் புத்தகத்திலிருந்து மடித்த தாளை எடுத்தாள். ஐந்தாவது காப்பி. அந்த ஊருக்கு நேரே 335 என்று தொடங்கும் நம்பர். சகாயமேரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பிறகு ஃபைலிலிருந்து மேல் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதில் 835. நாலாம் நம்பர் மிஷினின் எட்டு இடதுபக்கம் தேய்ந்திருந்தது. மேல் தாளில் எப்படியோ சமாளித்த எட்டு, நாலு கார்பன் தாண்டி இறங்குவதற்குள் மூன்றாகிவிட்டது. எட்டில் தொடங்கினால் பீகார் பக்கம், மூன்றில் தொடங்கினால் ராஜஸ்தான். அப்பனின் ஆசீர்வாதம் பாலைவனத்துக்குப் போயிருக்கிறது.

சகாயமேரி இரண்டு தாளையும் மேஜைமேல் வைத்தாள். வெட்கம். இத்தனை நாள் ஊருக்கு உபகாரம் செய்வதாக நினைத்து, பளிச்சென்றதைத் தனக்கு வைத்துக்கொண்டு மங்கலானதைத் தானம் செய்திருக்கிறாள். மிஷின்மேல் பழிபோட ஒரு கணம் நாக்கு வந்தது. அதை அடக்கிக்கொண்டாள்.

"தப்பு என்னுதுங்கக்கா. அண்ணனக் கூப்பிடுங்க."

சின்னப்பன் கீழே உரக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மாடி ஏறி வந்து, சொன்னதையெல்லாம் கேட்டு, இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பெரிய கோபம் வரும் என்று சகாயமேரி காத்திருந்தாள்.

"அப்ப அவளுக்கு நான் சொன்னது போயிச் சேரவே இல்ல" என்றார் மெதுவாக.

"தந்தி குடுத்துடலாங்களா? நாளைக்கே போயிடும்."

"தந்தி வேண்டாங்க. வூட்ல யாரோ செத்துட்டாங்கன்னு புள்ள பயந்துக்கும்."

"அப்படீன்னா மறுபடியும் சொல்லுங்க. நான் எழுதறேன், எக்ஸ்பிரஸ்ல போடலாம். இன்னும் பதினாறு நாளு இருக்குது."

சின்னப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒருதடவை சொல்ல வைக்கவே ஒரு மாசம் ஆன மனுஷன். மிக்கேலம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளைத் தட்டாமல் இருக்கச் சொல்லலாமா என்று சகாயமேரி யோசித்தாள். பிறகு, சத்தம் இருந்தால்தான் அவருக்கு வசதி என்று தோன்றியது. பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில் அவர் ஆரம்பித்தார்.

"மழ நல்லாப் பேஞ்சுது. ராகி கதிரு பிடிச்சிருக்குது. செவலப் பசு கெடாரிக் கன்னு போட்டிருக்குது. நெத்தியில வெள்ள." ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்தார். "நீ போன அன்னிக்கு நான் காட்டு வேலைக்குன்னு கெளம்பினேனே, போவல. பஸ்ஸு போறவரைக்கும் புளியமரத்துக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கண்ணு, உன்மேல எனக்குக் கோவம் இல்ல. வூடு வெறிச்சுன்னு இருந்துச்சு, அதான். நீ சந்தோசமாப் போ."

சகாயமேரி எழுதிக்கொண்டே அழுதாள். மிக்கேலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். விலாசத்தை டீச்சர் மூன்று தடவை சரிபார்த்தாள். தபாலாபீஸில் ராஜப்பன் புத்தகத்தைத் திறந்து நாலாம் தடவை பார்த்து, கடிதத்தை அன்றைய தபால் பையிலேயே போட்டார்.

அன்று சாயங்காலம் அவள் குண்டூசியும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் மண்ணெண்ணெயுமாக ஏழு மிஷினின் எழுத்துகளையும் சுத்தம் செய்தாள். நாலாம் நம்பருக்குத் துணியைப் போட்டு மூடினாள். மறுநாள் முதல் எல்லாத் தாளும் புதிய ரிப்பனில். டீக்கடைக்கும் கோயிலுக்கும் பிரஸ்ஸுக்கும் தானே போய்ப் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினாள். 'பழைய தாள் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளவும்' என்று பூசையில் சாமியாரைச் சொல்ல வைத்தாள். தட்டுகிற பிள்ளைகளில் வாய்த்துடுக்கான செல்லி கேட்டாள்:

"டீச்சர், மேல் காப்பியெல்லாம் ஊருக்குக் குடுத்துட்டீங்கன்னா நம்ம ஃபைலுக்கு?"

"அஞ்சாவது காப்பி. நமக்கு மங்கலா இருந்தா நாம போயி புஸ்தகத்தப் பாத்துக்கலாம். அவங்க எங்க போயிப் பாப்பாங்க? கார்பனப் புதுசா மாத்திக்க, நல்லா அழுத்தி அடி."

டிசம்பர் எட்டு வந்தது, போனது. சகாயமேரிக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த வாரமும் சேதி இல்லை. கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் முன்பு சின்னப்பன் தனியாக மாடி ஏறி வந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இன்லேண்ட் லெட்டரை மேஜைமேல் வைத்தார். படிக்கச் சொல்லவில்லை. அவருக்கே அது மனப்பாடம் ஆகியிருந்தது.

"ஆறாந்தேதியே கெடச்சுதாம். பீடத்துக்குப் போறப்ப மடியில வெச்சிருந்தாளாம்" என்றார். "இன்னொண்ணு கேளுங்க. பத்தாந்தேதி பழசும் வந்துட்டுதாம். மேல இத்தினி முத்திரையாம், எண்ண முடியலியாம். எங்கப்பா ரெண்டு தடவ ஆசீர்வாதம் குடுத்தாருன்னு மடத்துல அல்லாருகிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியறாளாம்."

சிரித்தார். அவர் சிரித்து சகாயமேரி பார்த்ததில்லை. மேல் வரிசையில் ஒரு பல் இல்லை என்பதே அன்றுதான் தெரிந்தது.

"கன்னுக்குப் பேரு கேட்டிருக்கறா. அதுக்குப் பதிலு எழுதோணும். வெலாசம் மட்டும் நீங்க இங்கிலீசுல போட்டுக் குடுங்க."

"அதுக்கென்னங்கண்ணா." சகாயமேரி அடுக்கிலிருந்து புதிய தாள் ஒன்றை உருவி, அந்த ஊர் இருக்கிற வரியில் விரல் வைத்து அவர் பக்கம் திருப்பினாள். எட்டு இரண்டு வளையமும் முழுசாகத் தெரிகிற மேல் தாள்.

சின்னப்பன் ஜன்னல் வழியாகப் பஸ் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டு, மூணு, அஞ்சு..." என்று ஆறு எண்ணையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். தாளை அவர் பார்க்கவே இல்லை.