பிலோமினா அக்கா பெயர் வைக்காத படங்கள்

செவ்வாய்க்கிழமை காலை, மலாக்கா பக்கம் பாயா ரும்புட்டில் என் பிரேம் கடையின் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. பாதிக் கதவில் குனிந்தபடியே எடுத்தேன். பேசியது ஷீலா, பிலோமினா அக்காவின் தங்கை மகள். அக்கா கடைசிவரை இருந்தது அவள் வீட்டில்தான். "அங்கிள், பெரியம்மா போயிட்டாங்க," என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பெட்டி முன்னால வைக்க ஒரு படம் வேணும் அங்கிள். அவங்க எடுத்த படம் அலமாரி நிறைய கிடக்கு. அவங்க இருக்கிற படம் ஒண்ணுகூட இல்லை லா," என்றாள்.

என்னிடம் ஒன்று இருந்தது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பதற்காக நானே எடுத்த படம். அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துப் போனேன். வெள்ளைப் பின்னணி, இரண்டு காதும் தெரிகிறது, சிரிப்பு இல்லை. வந்தவர்கள் எல்லாம் "அப்படியே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அக்காவோடு பழகிய உங்களுக்கு, அது கொஞ்சமும் அக்கா மாதிரி இல்லை என்பது தெரிந்திருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலாக்கா டவுனில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் நானும் அவரும் பதினெட்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அக்கா படம் எடுப்பார், நான் பிரிண்ட் போட்டு வெட்டிக் கொடுப்பேன். கல்யாணம், காதுகுத்து எல்லாம் எங்களிடம் வருவது குறைவு. பாஸ்போர்ட், ஸ்கூல் கார்டு, வேலை பெர்மிட் என்று அளவெடுத்த முகங்கள்தான் எங்கள் பிழைப்பு. வெளிர்நிறச் சட்டையில் வருகிறவர்களுக்கு மாட்டிவிட ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு தொங்கும். "நேரா பாருங்க, தாடையை இறக்குங்க, சிரிக்காதீங்க." ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது அக்கா இதைச் சொல்லியிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே அக்கா செர்காம் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார். கடல் உள்வாங்கிய பிறகு கிடக்கும் சேற்றைப் படம் எடுக்க. இல்லையென்றால் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரத்தின் அடிப்பட்டை, ரப்பர் பால்மரத்தின் பழைய வெட்டுத் தழும்பு, சேம்பிலைமேல் நிற்கும் தண்ணீர். படத்தைப் பார்த்தால் எது எது என்று சொல்லவே முடியாது. அரூபப் படம் என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் முதலாளி பாய் சொன்னது வேறு: "ஏம்மா பிலோமினா, ஃபோகஸ் போன படத்தை ஊர்ல எல்லாரும் அழிப்பாங்க, நீ பிரேம் போடுறியா?" அக்காவும் சிரித்துவிட்டு, "பாய், வாரம் பூரா யார் யாருன்னு தெரியறதுக்குத்தான் எடுக்கிறேன். ஒரு நாளாவது யாருக்கும் அடையாளம் தெரியாம எடுக்க விடுங்க," என்றார்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். அங்கே சுட்டு விற்கும் இக்கான் பாக்கார் மீன் தின்கிற ஆசையில்தான் போனேன், கலை ஆசை எல்லாம் இல்லை. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கினார். கேமராவைத் தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் ஆகியும் ஒரு படம் எடுக்கவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்னக்கா, சேறு சிரிக்கட்டும்னு காத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். "அந்த நண்டு வளைக்குள்ள போகட்டும் தம்பி," என்றார். "நண்டு தெரிஞ்சா சேறுன்னு சொல்லிடுவாங்க. வானம் தெரிஞ்சா கடற்கரைன்னு சொல்லிடுவாங்க. பேர் சொல்லிட்டா அப்புறம் யாரும் பார்க்க மாட்டாங்க." அன்று எனக்கு இது சும்மா ஒரு பேச்சாகத்தான் பட்டது. வாங்கி வைத்த மீன் ஆறிப்போகிறதே என்பதுதான் என் கவலை.

இனி எழுதப் போவதை எழுதத்தான் இவ்வளவு நாளாக எனக்குத் துணிச்சல் வரவில்லை.

நான் வேலையை விட்டுத் தனியாகக் கடை போட்ட வருஷம், எங்கள் மாதா கோவில் மண்டபத்தில் அக்காவின் படங்களை மாட்டினோம். பூசைக்குப் பிறகு எல்லோரும் தேநீர் குடிக்கிற அதே மண்டபம்தான். மொத்தம் பன்னிரண்டு படங்கள். சட்டம் எல்லாம் நான் போட்டது. பெயர் எதுவும் எழுதக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆனால் எனக்குப் பயம். நம்ம ஜனம் ஒன்றும் புரியாமல் கேலி பண்ணிவிட்டுப் போய்விடுமே, அக்கா மனசு உடைந்துபோகுமே என்று நினைத்தேன். அவர் பூசையில் இருந்த நேரத்தில் அழகாகத் தமிழில் டைப் அடித்துப் பன்னிரண்டு சீட்டுகளை ஒட்டிவிட்டேன். செர்காம் சேறு. செம்பனைப் பட்டை. சேம்பிலை நீர்.

ஜனம் வந்தது. சீட்டைக் குனிந்து வாசித்தார்கள், "ஓ, சேறா" என்றார்கள், தேநீர் பக்கம் போய்விட்டார்கள். ஒரு படத்துக்கு முன்னால் யாரும் ஐந்து விநாடி நிற்கவில்லை. ஒரே ஒரு பெண் மட்டும் நின்றது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். நீலநிற ஃபேக்டரி சட்டை, வேலை முடிந்து நேராக வந்திருக்க வேண்டும். யாரோ தோழியோடு வந்த பெண், எங்கள் கோவில் பிள்ளை இல்லை. நான் கூடப் போன அன்று அக்கா எடுத்த சேற்றுப் படத்துக்கு முன்னால் போய் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. நான் பக்கத்தில் போனேன். அதன் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"எங்கப்பா முதுகு மாதிரியே இருக்கு அங்கிள்," என்றது. "எஸ்டேட்ல செம்பனைக் குலை தூக்குவாரு. குளிச்சிட்டு வந்து திரும்பி உட்காருவாரு. நான்தான் தைலம் தேய்ப்பேன். இந்த எடத்துல இப்படித்தான் வரி வரியா இருக்கும்." விரலைக் கண்ணாடியில் படாமல் அந்தக் கோடுகளின் மேலே கொண்டுபோனது. "செத்து மூணு வருஷம் ஆச்சு." பிறகுதான் கீழே இருந்த சீட்டைப் பார்த்தது. "எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது அங்கிள், மலாய் ஸ்கூல்தான் போனேன். என்னா எழுதியிருக்கு?"

நான் வாசித்துக் காட்டினேன். "செர்காம் சேறும்மா. கடற்கரைச் சேறு."

"சேறா?" என்றது. ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தது. பிறகு சிரித்தது. அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது. "ஐயோ, நான் என்னமோ..." என்று சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோழியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. அக்கா இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்டபம் காலியானதும் பன்னிரண்டு சீட்டுகளையும் நகத்தால் சுரண்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அப்புறம் அவர் படங்களை எங்கேயும் மாட்டவில்லை. நானும் மறுபடி மாட்டுவோம் என்று சொல்லத் துணியவில்லை. ஒரு மாதம் கழித்து அந்தச் சேற்றுப் படத்தை மட்டும் பழுப்புத்தாளில் சுற்றி என் கடைக்குக் கொண்டுவந்தார். "அந்தப் பொண்ணைக் கண்டுபிடிச்சுக் குடு தம்பி," என்றார். சரி என்றேன். கோவிலில் இரண்டு பேரிடம் விசாரித்தேன். அவ்வளவுதான் செய்தேன். அதற்குமேல் தேடவில்லை. தேடிப் போனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே. அக்கா போன் பேசும்போதெல்லாம் கடைசியில், "அந்தப் பொண்ணு?" என்று கேட்பார். "பார்த்துக்கிட்டு இருக்கேன் அக்கா," என்பேன். பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் என்று ஆனது. கை வீங்கி, கேமரா பிடிக்க முடியாமல் போனது. போன வருஷம் ஒரு நாள், செர்காமுக்குக் கூட்டிப் போ என்று கேட்டார். காரிலேயே கூட்டிப் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஏறிவிட்டது, சேறே தெரியவில்லை. அக்கா இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீ வாசிச்சது தப்பு இல்லை தம்பி. அந்தப் பொண்ணு கேட்டுச்சு, நீ சொன்னே. நான் பக்கத்துலதானே நின்னேன்? 'இல்லம்மா, உங்கப்பா முதுகுதான்'னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். படத்தைப் பத்தி வாயைத் திறக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துல ஒரு பிள்ளையை வெக்கப்பட வச்சு அனுப்பிட்டேன்."

அப்போது நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். சீட்டு ஒட்டியது நான், அக்கா, என்று சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "பசிக்குதா அக்கா?" என்று கேட்டேன். "இல்லை, வீட்டுக்குப் போலாம்," என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவேயில்லை. இனி வரப்போவதும் இல்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் பழுப்புத்தாளைப் பிரித்தேன். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. கடையை மூடிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். சட்டம் போட்டது நான், எடுத்த இடத்தில் பக்கத்தில் நின்றது நான். இருந்தும் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். தோள்பட்டை தெரிகிறது. நடுவே முதுகெலும்பின் பள்ளம். இரண்டு பக்கமும் வரி வரியாகத் தழும்பு. ஒரு மனிதர் குளித்துவிட்டு நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். இப்போது அது கடைச் சுவரில் இருக்கிறது. வருகிறவர்கள் என்ன படம் என்று கேட்கிறார்கள். நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.

பிலோமினா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு படம்தான். அதுவும் என்னுடையது இல்லை. இது யாருக்குச் சேர வேண்டியதோ அந்தப் பெண்ணுக்கு நான் எழுதும் இதை வாசிக்கத் தெரியாது. ஆகவே வாசிக்கிற உங்களைத்தான் கேட்கிறேன். எஸ்டேட்டில் குலை தூக்கிய ஒருவரின் மகள், முதுகில் தைலம் தேய்த்த மகள், உங்கள் பக்கத்து வீட்டில் இருக்கலாம், உங்களோடு ஃபேக்டரி பஸ்ஸில் வரலாம். அவளிடம் வாயால் சொல்லுங்கள்: உங்கப்பா படம் பாயா ரும்புட்டில் ஒரு பிரேம் கடையில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொண்டு போம்மா. அது சேறு என்று ஒரு ஆள் சொன்னாரே என்று அவள் கேட்டால், அந்த ஆளுக்குப் பார்க்கத் தெரியாது என்று சொல்லுங்கள்.