பையோடு நட்ட மெராந்தி

உலு திராமில் இன்று காடு வளர்த்தோம். பழைய ரப்பர் தோட்ட நிலத்தில் மறுபடியும் மெராந்தி மரங்கள் வரவேண்டுமாம். கன்றுகளை இரண்டு வருடம் என் வீட்டுப் பின்புறத்தில் வளர்த்துக் கொடுத்தவன் நான். அதற்காக ‘உள்ளூர் பங்காளி’ என்று சட்டையில் ஒரு பட்டை குத்தினார்கள்.

சிறப்பு விருந்தினர், ‘டத்தோ’ பட்டம் வாங்கியவர், முதல் கன்றைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையோடு குழியில் இறக்கினார்.

“டத்தோ, பையைக் கிழிக்கணும். இல்லாட்டி வேர் போகாது, செத்துடும்” என்றேன்.

எங்கள் சங்கத் தலைவர் கண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். போன வருடம் என்னைச் செயலாளர் பதவியிலிருந்து கழற்றிவிட்ட அதே கண்ணன்.

“அண்ணே, டத்தோ கையில மண்ணு ஒட்டும்லா. மொதல்ல போட்டோ எடுக்கட்டும்.”

எடுத்தார்கள். டத்தோவைப் பார்த்து மற்றவர்களும் பையோடே நட்டார்கள். நாற்பது கன்றுகள். பிறகு எல்லோரும் நாசி லெமாக் சாப்பிடப் போய்விட்டார்கள்.

நான் மட்டும் நின்று, ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்து, பையைக் கிழித்து, மறுபடி நட்டேன்.

சற்றுமுன் வாட்ஸ்அப் குழுவில் கண்ணன் எழுதியிருக்கிறார்: “டத்தோ நட்ட கன்னை ஒருத்தர் புடுங்கினத பார்த்திருக்காங்க. கமிட்டி விசாரிக்கும்.”

கிழிந்த பைகள் நாற்பதும் என் காரின் பின்பெட்டியில்தான் இருக்கின்றன. விசாரணைக்குக் கொண்டுபோகட்டுமா, அல்லது டத்தோவுக்கே மாலையாகக் கட்டிப் போடட்டுமா? சொல்லுங்கள்.