கைதான கொடும்பாவி

சாலம்மாள் எங்க தெருக்காரி. நாமக்கல்லுக்கு மேற்கே எந்த ஊரில் எழவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் கூப்பிடுவார்கள். செத்தவனே எந்திரிச்சு உக்காந்து கேக்கிற மாதிரி தொண்டை.

நாப்பத்திரெண்டில் அவள் புருசன் சடையனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. சந்தையில் நின்று வெள்ளைக்காரனே வெளியே போ என்று கத்தினான், அவ்வளவுதான் குத்தம். நியாயம் கேட்கப் போனவளிடம் ஏட்டு வெங்கடாசலம், "கூட்டம், ஊர்வலம் எல்லாத்துக்கும் தடை. உம்புருசனைப் பத்தித் தெருவுல வாயத் தொறந்தீன்னா நீயும் உள்ளதான்" என்றார். அழுகையே தொழிலானவளுக்குச் சொந்தப் புருசனுக்கு அழ வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திரிந்தாள்.

புரட்டாசி வந்தும் மழையில்லை. மழை பொய்த்தால் எங்கள் பக்கம் கொடும்பாவி இழுப்போம். எவனோ ஒரு பெரும்பாவியால்தான் வானம் காய்கிறது என்று வைக்கோலில் அவனைக் கட்டி, தெருத்தெருவாக இழுத்து, பொணத்துக்கு அழுகிற மாதிரி அழுது, ஊரெல்லையில் கொளுத்துவோம். சாமி காரியம். அதைத் தடுக்க எந்தச் சர்க்காருக்கும் தைரியம் வராது.

பொம்மையைக் கட்டினது நான். பாதிச் சுரைக்குடுக்கையைத் தலையில் கவிழ்த்ததும் நான்தான். அது துரைமார் தொப்பி மாதிரி இருந்தால் நான் என்ன பண்ண?

சாலம்மாள் எடுத்தாள் பாருங்கள்:

"சந்தைக்குப் போன மகராசனச்
சங்கிலியில பூட்டுனியே,
பொழுதுக்குள்ள புழுதியில
பொரளுறயே பாவி!"

ஏட்டு ஓடி வந்தார். "யாருடா இது?"

"கொடும்பாவிங்க."

"தொப்பி போட்டிருக்கானே, அது யாருங்கிறேன்!"

"எங்களுக்குத் தெரியலீங்க" என்றாள் சாலம்மாள். "உங்க கண்ணுக்கு யாராட்டம் இருக்குதுங்க சாமி?"

துரை மாதிரி இருக்கிறது என்று அவர் வாயால் சொல்ல முடியுமா? கோபத்தில் பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டேஷன் வாசலில் போட்டார்.

மடத்தனம். பொணம் எங்கே கிடக்கிறதோ அங்கேதானே அழ வேண்டும்? எரிகிற வரைக்கும் நிறுத்தவும் கூடாது. ஊர்ப் பெண்கள் பூராவும் ஸ்டேஷன் வாசலில் வட்டம் கட்டி மாரடித்தார்கள். சாவு மேளமும் வந்து சேர்ந்தது. சத்தம் கேட்டு, கண்ணு மங்கின பக்கத்தூர்ப் பொன்னாயி மாலையோடு வந்து, அங்கே நின்றவரிடம், "ஏனுங்க, ஏட்டய்யா போயிட்டாருங்களா? நேத்துக்கூட நல்லாத்தான திட்டிக்கிட்டிருந்தாரு" என்றாள். நின்றவரே ஏட்டுதான்.

"எடுத்துக்கிட்டுப் போய்த் தொலைங்கடா!" என்று கத்தினார்.

"ஊர்வலத்துக்குத் தடைங்களே" என்றேன்.

"தடையாவது மண்ணாவது! போலீஸ் கூட வரும், கெளம்பு!"

இரண்டு போலீஸ்காரர்கள் முன்னால் வழி விலக்க, கொடும்பாவி சந்தைக்குள் போனது. சடையனைப் பிடித்த இடத்தில் சாலம்மாள் நின்றுவிட்டாள். புருசன் பேரை வாயால் சொல்லாதவர்கள் எங்கள் பெண்கள். அன்றைக்கு அவள் "சடையா, எஞ்சடையா" என்று பேர் சொல்லியே அழுதாள், சந்தை அதிர. போலீஸ்காரர்கள் அவளுக்கு இடம் விடச் சொல்லிக் கூட்டத்தை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.